தெரிந்தே கொடுத்தானா? கள்ளக் காசும் நீதிமன்றங்களும்: மாத்தளையிலிருந்து ஒரு பார்வை

மாத்தளைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் 5000 ரூபாய்த் தாளை நீட்டினால், முதலாளி அதை வாங்கியவுடன் லாச்சிக்குள் போட்டுவிடமாட்டார். விரலால் ஒருதரம் தடவுவார். வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். அப்புறம்தான் மிச்சக் காசு வரும். இரண்டு வினாடி வேலைதான். ஆனாலும் அது ஒரு சிறு விசாரணை. தாள் கள்ளமென்றால் நட்டம் அவர் தலையில். கள்ளமென்று தெரிந்தபின் அதை அடுத்த வாடிக்கையாளர் கையில் தள்ளிவிட்டாலோ, குற்றமும் அவர் தலையில்.

கள்ளக் காசு வழக்கில் எந்த நீதிமன்றமும் மூன்று கேள்விகளுக்கு விடை தேடியாக வேண்டும். தாள் கள்ளமா? அதைக் கொடுத்தவர் இவர்தானா? தெரிந்தே கொடுத்தாரா? முதல் இரண்டுக்கும் சாட்சி கிடைக்கும். மூன்றாவது மனத்துக்குள் இருக்கும் சங்கதி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இந்த மூன்றாவது கேள்விக்கு மளமளவென்று விடை சொல்லி நூற்றுக்கணக்கானோரைத் தூக்கில் ஏற்றினார்கள். அதே காலத்தில் அதே அரசின் கீழ் வந்த மாத்தளையில் காசின் கதையும் நீதியின் கதையும் வேறு தடத்தில் போயின. இந்த இரண்டு தடங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: கள்ளத்தைக் கண்டறியும் பொறுப்பு யார்மேல் சுமத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தே இந்தக் குற்றத்தின் வடிவமும் தண்டனையின் கடுமையும் மாறியிருக்கின்றன.

தீயில் இட்ட வெள்ளி

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1681இல் லண்டனில் வெளியிட்ட நூலில் அங்கு புழங்கிய காசுகளையும் விவரித்திருக்கிறார். மாத்தளை அந்த இராச்சியத்தின் திசாவனிகளில் ஒன்று. அவர் கண்டது மூன்று வகைக் காசு. முதலாவது போர்த்துக்கேயர் அடித்தது. இரண்டாவது தூண்டில் முள்ளைப்போல் வளைத்த வெள்ளிக் கம்பி. பாரசீகத்து லார் நகரின் பெயரால் லாரின் என்று நூல்களில் குறிக்கப்படுவது. மூன்றாவது அரசன் அடித்த மிகச் சிறிய பணம்.

அரசனின் பணத்தை வேறு எவர் அடித்தாலும் உயிர் போகும். ஆனால் தூண்டில் வெள்ளியை யார் வேண்டுமானாலும் செய்யலாம்; அரசனே அனுமதித்திருந்தான். எந்த முத்திரையை வேண்டுமானாலும் அதில் குத்தலாம். அப்படியானால் கள்ளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? சந்தேகம் வந்தால் காசைத் தீயிலிட்டுச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போடுவார்கள். வெளியே எடுக்கும்போது வெள்ளை வெளேரென்று இருந்தால் அது செல்லும். கறுத்தால் செல்லாது. அவ்வளவுதான் வழக்கு.

இங்கே முத்திரைக்கு மதிப்பில்லை, ஆகவே முத்திரையைப் போலி செய்வதில் பொருளுமில்லை. காசின் பெறுமதி அதன் உடம்பிலேயே இருந்தது. அடுப்பும் ஒரு சட்டித் தண்ணீரும் உள்ள எந்த வீடும் சோதனைச்சாலைதான். வாங்குகிறவன் தானே பார்த்துக்கொள்ளலாம். எழுத்தறிவு வேண்டாம், அதிகாரியும் வேண்டாம். அரசனின் சின்னத்தைத் தாங்கிய காசில் மட்டும் கள்ளம் இராசத் துரோகமாகக் கருதப்பட்டது.

தமிழுக்கும் இந்த உலகம் புதிதல்ல. காசின் தரம் பார்ப்பவனுக்கு வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர் சிலரின் பெயரோடு அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. மட்டக்களப்புக் கோயில்களில் இன்றைக்கும் பொறுப்பாளர்களை வண்ணக்கர் என்றே அழைக்கிறார்கள். காசைச் சோதிக்கத் தெரிந்தவனிடம் கோயில் சொத்தையும் ஒப்படைக்கலாம் என்று ஊர் நம்பியிருக்க வேண்டும். நாணயம் என்ற சொல்லே காசையும் குணத்தையும் ஒருசேரக் குறிக்கும் மொழி இது.

லண்டனில் ஒரு பவுண் தாள்

1797 பெப்ரவரியில், பிரான்சுடன் நடந்த போரின் நெருக்கடியில், தாளுக்குப் பதிலாகத் தங்கம் கொடுப்பதை இங்கிலாந்து வங்கி நிறுத்திக்கொண்டது. பொற்காசு மறைந்த இடத்தை நிரப்ப ஒரு பவுண், இரண்டு பவுண் தாள்களை வெளியிட்டது. அதுவரை வங்கித் தாள் பெரிய வணிகர்களின் கையில் மட்டும் இருந்த பொருள். இப்போது அது மீன் விற்பவர், தையற்காரர், வீட்டு வேலைக்காரி கைகளுக்கும் வந்தது.

அந்தத் தாளைச் சற்று உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கறுப்பு மையில் அச்சிட்ட மெல்லிய வெள்ளைத் தாள். ஓர் எண், ஒரு தேதி, தலைமைக் காசாளரின் பெயர், அலுவலர் ஒருவரின் கையொப்பம். வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி. இவ்வளவே அதன் காவல். செம்புத் தகட்டில் எழுத்துச் செதுக்கத் தெரிந்தவனுக்கு இதைப்போல் ஒன்று செய்வது பெரிய வித்தையாக இருக்கவில்லை. கள்ளத் தாள்கள் பேர்மிங்காம் போன்ற ஊர்களிலிருந்து மொத்த வியாபாரமாகவே கிளம்பின. செய்தவன் எங்கோ மறைவில் இருந்தான். கடைசியில் கடைக்குக் கொண்டுபோய் மாற்றியவர்களே பிடிபட்டார்கள். அவர்களில் ஏழைகள் மிகுதி. பெண்களும் கணிசமாக இருந்தார்கள்.

அக்கால இங்கிலாந்தில் அரசு வழக்குரைஞர் என்ற முறை இல்லை. வங்கியே வழக்குத் தொடுத்தது, வங்கியே செலவழித்தது, வங்கியின் சட்டத்தரணிகளே சாட்சிகளைத் திரட்டினார்கள். சாட்சியத்தின் வரிசை ஏறத்தாழ ஒரே அச்சில் இருக்கும். கடைக்காரர் முதலில் வருவார். தாளை வாங்கியபோது கொடுத்தவரிடம் பெயரும் முகவரியும் கேட்டு அதன் முதுகில் எழுதிவைத்திருப்பார். ‘இது என் கையெழுத்து, ஆகவே இதுதான் அந்தத் தாள்’ என்பார். கையிலிருந்து கைக்கு மாறும் ஒன்றை நீதிமன்ற மேசைவரை அறுபடாமல் கொண்டுவந்த நூல் அந்த ஒரு வரிதான். அடுத்து வங்கியின் பரிசோதகர் எழுந்து, தாளும் தகடும் கையொப்பமும் கள்ளம் என்பார். எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு விரிவான விடை வராது. அது வங்கியின் இரகசியம்.

மிச்சம் இருப்பது மூன்றாவது கேள்வி. எதிரிக்கு அது கள்ளத்தாள் என்று தெரியுமா? 1804இல் வைலி என்பவரின் வழக்கில் நீதிபதிகள் இதற்கு வழி காட்டினார்கள். அவர் வேறு இடங்களில் கொடுத்த வேறு கள்ளத் தாள்களையும் சாட்சியமாக ஏற்கலாம். ஒருமுறை தவறலாம், பலமுறையும் தவற முடியுமா என்பது அதன் தருக்கம். குற்றச் சாட்சியச் சட்டத்தில் ‘ஒத்த நிகழ்வுகள்’ என்று இன்றைக்கும் மாணவர்கள் படிக்கும் கோட்பாட்டின் வேர்களில் ஒன்று இந்த வழக்கு.

1801இல் வந்த ஒரு சட்டம் கள்ளத்தாளைத் தெரிந்தே வைத்திருப்பதைத் தனிக் குற்றமாக்கி, 14 ஆண்டு நாடுகடத்தலை அதற்குத் தண்டனையாக விதித்தது. வங்கிக்கு இது வசதியாகப் போயிற்று. சிறிய குற்றத்தை ஒப்புக்கொண்டால் கப்பல். மறுத்து வழக்காடித் தோற்றால் கயிறு. எவருக்கு இந்தச் சலுகை என்று தீர்மானித்தவர்கள் நீதிபதிகள் அல்லர், வங்கியின் இயக்குநர்கள். சிறையிலிருந்து பெண் கைதிகள் வங்கிக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. தங்களைத் தண்டிக்க வைத்த அதே வங்கியிடம் அவர்கள் கைச்செலவுக்குக் காசு கேட்டார்கள், வங்கியும் சிறு தொகைகளைக் கொடுத்தது.

1797க்கும் தங்கம் மீண்டும் கொடுக்கத் தொடங்கிய 1821க்கும் இடையில் 300க்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டார்கள். 1818இன் இறுதியில் லண்டன் யூரர்களே முகம் திருப்பினார்கள். கள்ளத்தை எப்படி அறிந்தோம் என்று சொல்ல மறுக்கும் வங்கியின் சொல்லை மட்டும் நம்பி ஓர் உயிரை எடுப்பதற்கு அவர்கள் மறுத்து, எதிரிகளை விடுவித்தார்கள். 1819 சனவரியில் ஓவியர் ஜோர்ஜ் குருக்ஷாங் ஒரு போலித் தாளையே வரைந்து அச்சிட்டார். அதில் வரிசையாகத் தொங்கும் ஆண்களும் பெண்களும். காசாளர் ஒப்பமிடும் இடத்தில் தூக்கிலிடுபவனின் பெயர். 1832இல் பெரும்பாலான போலி ஆவணக் குற்றங்களுக்கும் 1837இல் எஞ்சியவற்றுக்கும் மரண தண்டனை நீங்கியது.

கல்கத்தாவும் கொழும்பும்

இந்தக் கயிறு கடல் தாண்டியும் வந்திருக்கிறது. 1775 ஆகஸ்ட் 5 அன்று கல்கத்தாவில் மகாராஜா நந்தகுமார் தூக்கிலிடப்பட்டார். ஒரு கடன் பத்திரத்தைப் போலியாக்கினார் என்பது குற்றச்சாட்டு. போலி ஆவணத்துக்கு உயிரை எடுக்கும் வழக்கமே இல்லாத மண்ணில், அந்த மண்ணின் மனிதர்மேல், லண்டன் வணிகர்களுக்காக எழுதிய சட்டம் பாய்ந்தது. அந்தத் தீர்ப்பைச் சரியென்றும் தவறென்றும் வாதிட்டு எழுதப்பட்ட நூல்கள் ஏராளம்.

இலங்கையில் அப்படி நேரவில்லை. 1799 செப்டெம்பர் 23 பிரகடனம், ஒல்லாந்தர் காலத்தில் நடைமுறையிலிருந்த உரோம-டச்சுச் சட்டத்தைக் கரையோர மாகாணங்களில் அப்படியே தொடரவிட்டது. சித்திரவதையை மட்டும் நீக்கியது. உரோம-டச்சுச் சட்டத்தில் போலி ஆவணமும் போலிக் காசும் ‘பொய்மைக் குற்றம்’ என்ற ஒரே அகன்ற குடையின் கீழ் வருபவை. தண்டனையைச் சூழலுக்கு ஏற்ப அளக்கும் இடம் நீதிபதிக்கு இருந்தது. வழக்குத் தொடுத்ததும் தனியார் வங்கி அல்ல. ஒல்லாந்தரிடமிருந்து சுவீகரித்த அட்வக்கேட் பிஸ்கல் என்ற பதவியே, 1833இல் அரச வழக்குரைஞராகி, 1880களில் சட்டமா அதிபர் பதவியாக மாறியது.

தாள் காசும் ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொத்துத்தான். இலங்கையின் முதல் தாள் காசை 1785இல் ஒல்லாந்துக் கம்பனி வெளியிட்டது. 1796 பெப்ரவரியில் கொழும்பு கைமாறியபோது, அந்தக் கடன் தாள்களுக்கு 50,000 பவுண்வரை பொறுப்பேற்கப் பிரித்தானியர் ஒப்புக்கொண்டார்கள். பின்னர் அவர்களின் திறைசேரியே றிக்ஸ்டொலரில் தாள்களை வெளியிட்டது. யாழ்ப்பாணத் தமிழில் இறைசால் என்று வழங்கிய காசு இதுதான். ஓர் இறைசாலுக்கு 12 பணம், ஒரு பணத்துக்கு 4 ஸ்டைவர், ஒரு ஸ்டைவருக்கு 4 சல்லி. ஆட்சிச் செலவுக்காகத் தாளைப் பெருக்கப் பெருக்க அதன் மதிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் 1825இல் ஓர் இறைசாலுக்கு ஒன்றரை ஷில்லிங் என்று முளையடித்து நிறுத்தி, கணக்கைப் பவுணுக்கு மாற்றினார்கள். கள்ளன் ஒருவன் தலைகாட்டாமலே தாள் மெலிந்துபோகும் என்பதற்கு இது முதற் பாடம்.

மாத்தளையில் ஒருவர் பிடிபட்டால்

1815 மார்ச் 2 உடன்படிக்கையோடு கண்டி இராச்சியம் பிரித்தானியரிடம் சென்றது. அந்த உடன்படிக்கையின் 6ஆம் பிரிவு சித்திரவதையையும் உறுப்பு வெட்டுவதையும் தடுத்தது. 7ஆம் பிரிவின்படி ஆளுநரின் எழுத்துமூலக் கட்டளை இல்லாமல் எவருக்கும் மரண தண்டனையை நிறைவேற்ற முடியாது. 1817–18 கிளர்ச்சியை அடக்கியபின் வந்த 1818 நவம்பர் 21 பிரகடனம் நீதியை, கண்டியிலிருந்த ஆணையாளர் சபையிடமும் அரசாங்க முகவர்களிடமும் ஒப்படைத்தது. கண்டியப் பிரதானிகள் அருகிருந்து ஆலோசனை சொல்வார்கள்.

கரையோரத்தில் 1811 முதலே யூரர் முறை இருந்தது. அலெக்சாந்தர் ஜோன்ஸ்டன் கொண்டுவந்த அந்த முறையில் யூரர் 13 பேர். கண்டி மாகாணங்களுக்கு அது எட்டவில்லை. கொழும்பிலிருந்த உயர் நீதிமன்றத்தின் கையும் 1833வரை அங்கே நீளவில்லை. ஆகவே 1820களில் திறைசேரித் தாளைப் போலி செய்ததாக மாத்தளையில் ஒருவர் பிடிபட்டால், அவரை விசாரிக்கும் அதிகாரம் வரி வாங்கும் அதே நிர்வாகத்திடம் இருந்தது. தாளை வெளியிட்டது அரசு, அதை வரியாக ஏற்றது அரசு, கள்ளமென்று சொல்வது அரசு, தீர்ப்புச் சொல்வதும் அரசு. லண்டனில் வங்கிக்கு முன்னால் குறைந்தது 12 யூரர்கள் இருந்தார்கள்.

கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் பின் வந்த 1833 நீதிப் பட்டயம் இந்தக் கலப்பைப் பிரித்தது. முழுத் தீவுக்கும் ஓர் உயர் நீதிமன்றம். கீழே மாவட்ட நீதிமன்றங்கள். மாவட்ட நீதிமன்றத்தின் குற்றவியல் அதிகாரத்துக்கு எல்லை உண்டு: 12 மாதச் சிறை, 100 கசையடி, 10 பவுண் தண்டம். அதற்கு மேற்பட்ட குற்றமெல்லாம் சுற்றிவரும் உயர் நீதிமன்றத்துக்கு. பிரிந்தது காகிதத்தில்தான் என்பதற்கும் மாத்தளையே சான்று. 1830களில் அங்கே அரசாங்க அலுவலராகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தவர் ஒரே ஆள்: ஸ்கொட்லாந்துப் படையணியொன்றைச் சேர்ந்த ஜோனதன் போர்ப்ஸ். சிகிரியாவைப் பற்றி ஐரோப்பியருக்கு எழுதிய அதே போர்ப்ஸ்தான். அவர் அதிகாரத்துக்கு மேற்பட்ட ஒரு போலிக் காசு வழக்கு, எதிரி, சாட்சி, சான்றுப் பொருள் சகிதம் 16 மைல் தெற்கே கண்டி அமர்வுக்குச் சென்றாக வேண்டும். அங்கே 13 யூரர்கள். லண்டனைப்போல் எல்லாரும் ஒத்த கருத்தாக வேண்டியதில்லை, பெரும்பான்மை போதும்.

அதிலும் முதலாவது கேள்விக்கு விடை சொல்லத் தாளில் ஒப்பமிட்ட திறைசேரி அலுவலரோ, அந்தக் கையெழுத்தை அறிந்தவரோ கொழும்பிலிருந்து மலையேற வேண்டும். வாங்கியவருக்கு ஆங்கில எழுத்துத் தெரிந்திருந்தால்தான் ‘இதுதான் அந்தத் தாள்’ என்று அடையாளம் காட்டலாம். கச்சேரியில் காசு எண்ணும் சிறாப்பரின் விரலுக்குத் தெரிந்தது, வயலில் நிற்பவருக்குத் தெரிய நியாயமில்லை. தீயும் தண்ணீரும் தந்த உறுதி தாளில் எவருக்கும் கிடைக்கவில்லை.

போலித் தாள் வேறு, போலி உறுதி வேறு

மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளைப் பாதையோரம், அலுவிகாரைக் குகைகள் இருக்கின்றன. வாய்மொழியாக வந்த திரிபிடகத்தைக் கி.மு. 1ஆம் நூற்றாண்டில் ஓலையில் எழுதியது அங்கேதான் என்பது மரபு. மனித நினைவை நம்பியது போதும், எழுத்தை நம்புவோம் என்று முடிவெடுத்த இடம். அந்த ஓலையே பின்னாளில் காணி உறுதிக்கும் உடலானது.

1830களின் இறுதியில் கோப்பித் தோட்டங்கள் மாத்தளை மலைகளில் ஏறத் தொடங்கியதும் காட்டுக்கும் மேட்டுக்கும் விலை வந்தது. விலை வந்த இடத்தில் போலி ஓலையும் பொய்ச் சாட்சியும் முளைத்தன. அரசின் கவலை இங்கே எதன்மேல் குவிந்தது என்பதைச் சட்டப் புத்தகமே சொல்கிறது: 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், மோசடிகளையும் பொய்ச் சத்தியங்களையும் தடுப்பதற்கானது. காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும் என்ற விதி அதிலிருந்து வருகிறது. இன்று மாத்தளையில் காணி வாங்குகிறவரும் அந்த விதியின் கீழேதான் ஒப்பமிடுகிறார்.

ஒரே பொய்மைக் குற்றம் லண்டனில் ஒரு பவுண் தாளாகவும் மாத்தளையில் காணி உறுதியாகவும் உருவெடுத்ததன் காரணம் இங்கேதான். மக்கள் எந்தத் தாளின்மேல் வாழ்க்கையைக் கட்டுகிறார்களோ, அந்தத் தாளைத் தேடித்தான் கள்ளன் வருவான்.

வெள்ளியைக் கேட்டவர்கள்

மன்னாரில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாக நடந்து மாத்தளையை அடைந்த தமிழ்த் தொழிலாளரின் பாதை வடக்கு வழி. கோப்பி ஆயச் சில மாதங்களுக்கு வந்து, உழைத்ததைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் அவர்கள். அவர்கள் விரும்பிக் கேட்டது வெள்ளிக் காசு. இராமநாதபுரத்துக் கிராமத்தில் இலங்கைத் தாளை மாற்றித் தருவார் யார்? ஒரு கொழும்பு ஒப்பத்தை எந்தச் செட்டியார் மதிப்பார்? தோட்டத் துரைகள் வெள்ளி ரூபாயை இந்தியாவிலிருந்து இறக்கித்தான் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. 1872 தொடக்கத்தில் பவுண் கணக்கு போய் ரூபாயும் சதமும் இலங்கையின் காசானதன் பின்னணியில் இந்தக் கைகளும் உண்டு.

இதைப் பின்தங்கிய மனம் என்று ஒதுக்கிவிட முடியாது. தன்னால் சோதிக்க முடியாததை வாங்கமாட்டேன் என்பது நொக்ஸ் கண்ட கண்டியின் தீச்சோதனையைப் போன்ற அறிவுதான். ஆனால் காகிதத்திடமிருந்து அவர்கள் முழுதாகத் தப்பவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துண்டு முறை வந்தது. இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று ஒரு தோட்டம் எழுதித்தரும் சீட்டு. துண்டில்லாமல் அடுத்த தோட்டத்தில் வேலை இல்லை. அதில் எழுதிய தொகை சரியா என்று வாசித்துப் பார்க்க எழுத்துத் தெரியாதவர்களின் வாழ்க்கை 1921இல் சட்டம் தடுக்கும்வரை அந்தச் சீட்டில் கட்டுண்டு கிடந்தது.

கள்ளமில்லாத தாள்கள்

1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. கோப்பி இலைநோயால் சரிந்த பொருளாதாரம் அதையும் இழுத்துக்கொண்டு போனது. தீவில் புழங்கிய தாள்களில் பெரும்பங்கு அந்த வங்கியுடையவை. ஒப்பம் உண்மை, தகடு உண்மை, தாள் உண்மை. மறுநாள் காலையில் அவை செல்லாக் காசு. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசு பொறுப்பேற்கும் என்று அறிவித்தபின்தான் பதற்றம் தணிந்தது. அதே ஆண்டின் 32ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் தாள் வெளியிடும் உரிமையை அரசிடமே சேர்த்தது. புதிய தாள்கள் 1885 சனவரி 1 திகதியைத் தாங்கி வந்தன.

இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஒட்டி எழுதிய இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை நடைமுறைக்கு வந்ததும் அதே 1885 சனவரி 1தான். நாணயத்தாள்களுக்கென்று இந்தியா 1899இல் 489அ முதலான பிரிவுகளைச் சேர்த்தது. இலங்கைக் கோவையில் அதற்கு இணை 478அ முதலானவை. செய்தல், மாற்றுதல், மாற்றும் எண்ணத்தோடு வைத்திருத்தல், கருவி வைத்திருத்தல் என்று அவை படிப்படியாக இறங்குகின்றன. தூக்கு இல்லை. ஆனால் நடுவில் நிற்பது 1804இல் நின்ற அதே சொல்: அறிந்து. கையில் கள்ளத்தாள் இருப்பது மட்டும் குற்றமாகிவிடாது. கள்ளமென்று அறிந்து, நல்லதென்று ஓட்டும் எண்ணம் இருந்தது என்பதை வழக்குத் தொடுநர் நிறுவ வேண்டும். இங்கிலாந்து 300க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்துக் கற்ற நிதானம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

சட்டத்தின் பார்வை தாளை நீட்டுபவர்மேல் மட்டும் விழுகிறது என்பதே இவ்வளவையும் பார்த்தபின் எஞ்சும் குறை. இறைசால் இறங்கியபோது, 1884இல் வங்கி கவிழ்ந்தபோது, 2022இல் ரூபாய் சில வாரங்களுக்குள் படுத்தபோது, தாளை வைத்திருந்தவர்கள் இழந்தார்கள். வெளியிட்டவர்களை நோக்கி ‘தெரிந்தே கொடுத்தீர்களா?’ என்று கேட்க எந்தப் பிரிவும் இல்லை. மாத்தளைக் கடை முதலாளி இப்போதும் தாளை வெளிச்சத்தில் பிடிக்கிறார். நீர்க்குறி சரியாக இருக்கிறது, நூலும் மின்னுகிறது, லாச்சி மூடுகிறது. அடுத்த மாதம் அந்தத் தாளுக்கு எத்தனை கிலோ அரிசி வரும் என்பது எந்த வெளிச்சத்திலும் தெரிவதில்லை.